பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கற்பிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு: எந்தக் கருவியைக் கொண்டு செய்வது?

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இந்தி, மராத்தி, கன்னடம் அல்லது ஆங்கிலம். வேலை நிமித்தம் மும்பை, தில்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளின் நிலை பெரும்பாலும் இதுதான். ஊரிலிருக்கும் பாட்டியிடம் டெலிபோனில் மூச்சு விடாமல் பேசும் பிள்ளை, அதே பாட்டி வீட்டிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முதல் வரியை எழுத்துக்கூட்டத் தெரியாமல் விழிக்கிறது. பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை.

மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. தில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் குடும்பங்களும் இவற்றுக்கு அருகில் வசிப்பதில்லை. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புதான் கதி. அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பலர் ரயில்வேயிலோ வங்கியிலோ கம்பெனியிலோ ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாவது நாள் கரும்பலகை முன்னால் நிற்கிறவர்கள்.

பிள்ளைகளோ கையில் செல்போன் இருந்தால் உலகத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தப் போனிலேயே தமிழ் எழுத்தை ஒரு விளையாட்டாகச் செய்து கொடுத்தால் என்ன என்ற யோசனை இத்தகைய ஆசிரியர்களுக்கு வருவது இயல்பே. யோசனை வந்தவுடன் எழும் அடுத்த கேள்வி, எந்த சாப்ட்வேரைக் கொண்டு செய்வது என்பதாகும். ஒருவர் யூனிட்டி என்பார். இன்னொருவர் ஸ்கிராட்ச் என்பார். அவசரப்பட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு அது உதவாது என்று தெரிந்தால், பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஏற்படுகிறது. ஆபீஸ் முடிந்து வந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உழைத்த இரண்டு மூன்று மாத இரவுகள் வீணாகின்றன. பிள்ளைகளுக்கும் வயது ஏறிவிடுகிறது.

முதலில் பாடம், பிறகு கருவி

தச்சர் முதலில் என்ன சாமான் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் உளியை எடுக்கிறார். இங்கேயும் அதே முறைதான். "தமிழ் கற்பிக்க வேண்டும்" என்பது ஒரு விளையாட்டுக்குப் போதுமான குறிக்கோள் ஆகாது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள். அத்தனையையும் ஒரே விளையாட்டில் அடைக்க முயன்றால் அது அரிச்சுவடியாகத்தான் இருக்கும்.

எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இது ஊருக்கு ஊர் மாறும் என்பது கவனிக்கத்தக்கது. இந்தி படிக்கும் பிள்ளைக்குக் குறில் "எ", குறில் "ஒ" ஆகிய இரண்டுக்கும் தனி எழுத்து பழக்கமில்லை. ஆகவே "கொடி"யும் "கோடி"யும், "பெட்டி"யும் "பேட்டி"யும் அதன் கண்ணுக்கு ஒன்றாகவே படும். மராத்தி படிக்கும் பிள்ளைக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் மராத்தியில் "ள" இருப்பதால் "புலி"க்கும் "புளி"க்கும் உள்ள வித்தியாசத்தை மும்பைப் பிள்ளை எளிதில் பிடித்துக்கொள்ளும்; தில்லிப் பிள்ளை அதில் தடுமாறும். கன்னடத்தில் "எ", "ஏ", "ஒ", "ஓ", "ள" எல்லாமே இருப்பதால் பெங்களூர்ப் பிள்ளைக்கு இவை சிரமமல்ல. அதற்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டியது "ழ".

இன்னொரு சிக்கல் வல்லின எழுத்து. இந்தியில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள் தனித்தனியே இருக்கின்றன. தமிழில் "கண்", "தங்கம்", "பகல்" ஆகிய மூன்று சொற்களிலும் ஒலி மாறுகிறது, எழுத்து ஒன்றே. "இது எந்தக் க?" என்று பிள்ளை கேட்பதில் தவறில்லை. இடத்தைப் பார்த்து ஒலியைத் தெரிந்துகொள்ளப் பழக்குவதே ஒரு நல்ல விளையாட்டுக்குப் பொருளாகும்.

இப்படி ஒரே ஒரு தடுமாற்றத்தை எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் முடியும் சிறு விளையாட்டாகத் திட்டமிட்டால், கருவி எது என்பது பாதி தீர்மானமாகிவிடும்.

விளையாட்டுக்குள்ளே பாடம்

கல்வி விளையாட்டுகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. வில்லை வளைத்து அம்பு விடுவது ஒரு பக்கம், நடுவில் ஒரு வினாத்தாள் மறுபக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கும். பிள்ளை வினாவைத் தள்ளிவிட்டு அம்பு விடுவதற்கே வழி தேடும்.

பல்லாங்குழியை நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பதினான்கு குழி, குழிக்கு 5 வீதம் போட்டால் 70 காய். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று எண்ணிப் பார்க்காமல் ஜெயிக்க முடியாது. எண்ணுவதே ஆட்டம். கன்னடக்காரர்கள் இதையே அளிகுளி மணே என்று ஆடுகிறார்கள். யாரும் அதைக் கணக்குப் பாடம் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் கணக்கு வந்தது.

கம்ப்யூட்டரிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1971-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியர்களாக இருந்த மூன்று இளைஞர்கள் "ஆரிகன் டிரெயில்" என்ற விளையாட்டைச் செய்தார்கள். மாட்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்த மக்களின் சரித்திரம் அது. அன்று அதற்குத் திரைகூட இல்லை. டெலிபிரிண்டர் போன்ற கருவியில் காகிதத்தில் அச்சாகி வரும். உணவுக்கு எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு என்று மாணவனே முடிவெடுக்க வேண்டும். கருவி எளியது, அமைப்பு சரியாக இருந்ததால் பல ஆண்டுகள் பள்ளிகளில் நிலைத்தது.

தமிழ் எழுத்து என்னும் சோதனை

வெளிநாட்டுக் கருவிகள் பலவற்றில் ஆங்கில எழுத்து அழகாக வரும். தமிழ் எழுத்து வரும்போதுதான் குட்டு உடையும். "கொ" என்ற எழுத்து கம்ப்யூட்டரின் நினைவில் "க" முதலாகவும், உயிர்க்குறி அடுத்ததாகவும் பதிவாகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். இந்த வேலை தெரியாத சாப்ட்வேரில் கொம்பு இடம் மாறி நிற்கும். "கு", "மூ" போன்றவை ஒன்று சேராமல் உடைந்து தெரியும். எழுத்தைக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு உடைந்த எழுத்தைக் காட்டுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

ஆகவே எந்தக் கருவியானாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். "கொக்கு", "தேங்காய்", "பையன்", "மூங்கில்", "ஸ்ரீ" என்று ஐந்து சொற்களை எழுதி, கம்ப்யூட்டரில் மட்டுமின்றிப் போனிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தும் சரியாக வந்தால் மேலே போகலாம்.

டைப் அடிக்கும் முறையிலும் எச்சரிக்கை அவசியம். ஆபீஸில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அதையே இங்கே உபயோகித்தால், அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடு முறையில் அடிப்பதே தக்கது. "நோட்டோ சான்ஸ் தமிழ்" போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவும், விளையாட்டோடு சேர்த்து வழங்கும் உரிமையோடும் கிடைக்கின்றன.

கருவி மற்ற வகையில் பிடித்திருந்து, எழுத்தில் மட்டும் தகராறு செய்தால் ஒரு மாற்று வழி இருக்கிறது. தேவையான எழுத்துகளையும் சொற்களையும் படமாகவே மாற்றிச் செருகிவிடலாம். ஐம்பது சொல் கொண்ட சிறு விளையாட்டுக்கு இது போதும். ஆயிரம் சொல்லுக்கு ஆகாது.

கருவிகள் ஒவ்வொன்றாக

பவர்பாயிண்ட்: குமாஸ்தா வேலையில் இருப்பவர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் புலியின் படம். கீழே "புலி", "புளி" என்று இரண்டு பொத்தான். சரியானதைத் தொட்டால் ஒரு பக்கத்துக்கும், தவறானதைத் தொட்டால் வேறு பக்கத்துக்கும் போகும்படி இணைப்புக் கொடுத்தால் விளையாட்டு தயார். தமிழ் எழுத்தும் ஒழுங்காக வரும். பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸ் இலவசம். மதிப்பெண் கூட்டுவது, சொற்களை மாற்றி மாற்றிக் கேட்பது போன்றவை இதில் சுலபமல்ல. யோசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று ஒரே மாலையில் சோதித்துப் பார்க்க இதைவிடச் சௌகரியமானது இல்லை.

ஸ்கிராட்ச்: அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்றைப் பொருத்தினால் போதும். முற்றிலும் இலவசம். சொந்தக் குரலைப் பதிவு செய்து சேர்க்கலாம் என்பது மொழிப் பாடத்துக்குப் பெரிய அனுகூலம். இன்டர்நெட் இல்லாதபோதும் வேலை செய்யத் தனிப் பதிப்பு உண்டு. ஆனால் போனில் விளையாடலாமே தவிர, செய்வதற்குக் கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ வேண்டும். கேரள அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய "லிட்டில் கைட்ஸ்" மன்றங்களில் மாணவர்களே இதைக் கொண்டு விளையாட்டுகள் செய்யப் பழகுகிறார்கள். ஆகவே பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். தம்பிக்காக அக்கா செய்யும் விளையாட்டில் இருவருமே தமிழ் படிப்பார்கள்.

ட்வைன்: 2009-ல் கிறிஸ் கிளிமஸ் என்பவர் வெளியிட்ட இலவசக் கருவி. படிக்கப் படிக்க வழி பிரியும் கதைகளுக்கு உகந்தது. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும் ஒரு சிறுவன், ஒவ்வொரு பலகையாகப் படித்து எந்த வழி போவது என்று முடிவு செய்வதாகக் கதை அமைக்கலாம். தமிழைப் படிக்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. கதை முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்பட்டு, பிரவுசரில் திறக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்து, வேகம் வராத பிள்ளைகளுக்கு இது பொருத்தம். எழுத்தே தெரியாதவர்களுக்குப் பொருந்தாது.

ஜிடெவலப்: இதுவும் இலவசம், நிரல் எழுதாமல், "இது நடந்தால் அதைச் செய்" என்று விதிகளை அடுக்கிச் செய்வது. ஸ்கிராட்ச் போதவில்லை என்று தோன்றுகிறவர்கள் அடுத்தபடியாகப் பார்க்கத்தக்கது.

காடோ: அர்ஜென்டினா நாட்டில் பிறந்தது. 2014 முதல் அதன் மூல நிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு நேரடியாக விளையாட்டு செய்யலாம். 2023-ல் வந்த 4.0 பதிப்பில்தான் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி அதற்குள்ளேயே அமைந்தது. ஆகவே தமிழுக்குப் பழைய பதிப்பு வேண்டாம். நிரல் எழுதக் கற்க வேண்டும். மாலை நேரம் மட்டுமே கிடைக்கிறவர்கள் சில மாதங்களாவது ஒதுக்க வேண்டியிருக்கும்.

யூனிட்டி: பெரிய கம்பெனிகள் உபயோகிப்பது, வேலைவாய்ப்புச் சந்தையில் மதிப்பு உண்டு. எனினும் அதில் பரவலாக உபயோகிக்கப்பட்ட டெக்ஸ்ட்மெஷ் புரோ என்னும் எழுத்துப் பகுதி இந்திய எழுத்துகளின் கொம்பையும் காலையும் ஒழுங்காகக் கையாளாததால், தமிழுக்குத் தனி இணைப்புகளைத் தேட வேண்டியிருந்தது. ஐம்பது சொல் விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய இயந்திரம் தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாளைக்கும் இருக்குமா?

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் மறந்துவிடும் கேள்வி இது. ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த கல்வி விளையாட்டுகளில் பெரும்பகுதி பிளாஷ் என்ற சாப்ட்வேரில் செய்யப்பட்டவை. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயர் அவற்றை ஓட்டவே மறுத்தது. ஆசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தவை ஒரே மாதத்தில் திறக்காமல் போயின. பின்னர் "ரபிள்" போன்ற கருவிகளால் ஒரு பகுதி மீண்டது.

யூனிட்டியின் கதை வேறு விதம். விளையாட்டு ஒவ்வொரு முறை போனில் ஏற்றப்படும்போதும் கட்டணம் என்ற ஒரு திட்டத்தை 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டியவர்களுக்கே அது பொருந்தும் என்றாலும், உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே தலைமை நிர்வாகி விலகினார். 2024 செப்டம்பரில் அக்கட்டணம் ரத்து செய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிறவரை அந்தக் கட்டணம் தொட்டிருக்காது. ஆனாலும் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் நினைத்தால் நிபந்தனையை மாற்றலாம் என்பது இதிலிருந்து புலனாகிறது.

மூல நிரல் திறந்திருக்கும் கருவிகளில் இந்தப் பயம் குறைவு. எதில் செய்தாலும் படங்கள், குரல் பதிவுகள், சொற்பட்டியல் ஆகிய மூன்றையும் தனியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். கருவி போனாலும் பாடம் பிழைக்கும். வேறொன்றில் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் கைக்குப் போவது எப்படி?

பல வீடுகளில் போன் ஒன்றுதான், அது அப்பாவுடையது. அவர் வேலையிலிருந்து திரும்பிய பிறகு அரைமணி நேரம் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்தப் போனில் இடமும் குறைவு. ஆகவே விளையாட்டு அளவில் சிறியதாகவும், இன்டர்நெட் இல்லாமலே ஓடுவதாகவும் இருப்பது அவசியம். ஸ்கிராட்சில் செய்ததை "டர்போவார்ப் பேக்கேஜர்" என்ற இலவசக் கருவியால் ஒரே கோப்பாக்கிப் பெற்றோருக்கு அனுப்பலாம். காடோவில் செய்ததைக் கூகுள் பிளே ஸ்டோரில் வைப்பதானால் ஒருமுறை பதிவுக் கட்டணம் 25 டாலர்.

இலவசம் என்பதற்காக விளம்பரத்தைச் சேர்ப்பது கூடாது. எந்த விளம்பரம் வரும் என்பது செய்தவர் கையில் இருக்காது. பிள்ளையின் பெயர், வயது, பள்ளி முதலியவற்றைக் கேட்டு வாங்குவதும் வேண்டாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விவரமே சேகரிக்காத விளையாட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு மாதத் திட்டம்

முதல் வாரம்: வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இணைச் சொற்கள் பன்னிரண்டைக் குறித்துக்கொள்வது. மலை-மழை, பல்லி-பள்ளி, கொடி-கோடி என்பன போல. அவற்றை அட்டையில் எழுதி, கம்ப்யூட்டர் இல்லாமலே ஒருமுறை ஆடிப் பார்ப்பது. அட்டையில் சுவைக்காதது திரையிலும் சுவைக்காது.

இரண்டாம் வாரம்: குரல் பதிவு. ழகரம் சுத்தமாக வரும் ஒருவரைப் பேசச் சொல்வது. வகுப்பில் யாருடைய பாட்டியாவது இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனிலேயே பதிவு செய்தால் போதும்.

மூன்றாம் வாரம்: ஸ்கிராட்சில் கட்டுவது. குரல் ஒரு சொல்லைச் சொல்லும். மேலிருந்து இரண்டு சொற்கள் விழும். பூனை சரியானதைப் பிடிக்க வேண்டும். தவறினால் அடி, உதை, "தோல்வி" என்ற கூச்சல் எதுவும் வேண்டாம். குரல் மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொன்னால் போதும்.

நான்காம் வாரம்: மூன்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. எங்கே நிற்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் போனைக் கீழே வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்துவது. திருத்தம் முடிந்த பிறகு, விளையாட்டில் வராத புதுச் சொற்கள் ஐந்தைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொல்வது. அவற்றைப் படித்துவிட்டால் விளையாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். மதிப்பெண் மட்டும் ஏறி, கரும்பலகையில் தடுமாறினால், பிள்ளை விளையாட்டைக் கற்றிருக்கிறதே தவிர எழுத்தைக் கற்கவில்லை.

முதன்முறையாக இறங்குகிறவர்களுக்குப் பவர்பாயிண்டில் ஒரு சோதனை, ஸ்கிராட்சில் ஒரு விளையாட்டு, பிறகு தேவைப்பட்டால் ட்வைன் அல்லது காடோ என்ற வரிசை போதுமானது. முதல் விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர வேறு செலவு கிடையாது. தேவை, வாரத்தில் நான்கு மாலையும், "ழ"வைச் சரியாகச் சொல்லும் ஒரு குரலும்தான்.